வாசகர் கேள்வி–பதில்: பன்னாட்டுக் குழுக்களில் விவாதமும் வாக்கெடுப்பும்

பன்னாட்டு அமைப்புகளில் பேராளர்கள் கூடும் குழுக்கள் எந்த விதிகளின்படி விவாதித்து முடிவெடுக்கின்றன என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். வேறு அமைப்பின் பெயர் குறிப்பிடப்படாத இடங்களில், ஐ.நா. பொதுச் சபையின் நடைமுறை விதிகளையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பொதுச் சபையில் எல்லா நாடுகளும் உறுப்பினர்களாக இருக்கும்போது தனியாகக் குழுக்கள் எதற்கு? பாதிப் பேர் வராவிட்டாலும் குழு கூடலாமா?

பதில்: குழு என்றதும், சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து அமைத்த ஒரு சிறிய அவை என்று நினைக்கத் தோன்றும். பொதுச் சபையின் ஆறு முதன்மைக் குழுக்கள் அப்படிப்பட்டவை அல்ல. 193 நாடுகளும் ஆறு குழுக்களிலும் உறுப்பினர்களே. ஆயுதக் குறைப்பு முதல் குழுவுக்கும், பொருளாதாரமும் நிதியும் இரண்டாவது குழுவுக்கும், சமூக, மனிதநேய, பண்பாட்டுப் பொருள்கள் மூன்றாவது குழுவுக்கும், சிறப்பு அரசியல் விவகாரங்களும் குடியேற்ற ஆட்சி நீக்கமும் நான்காவது குழுவுக்கும், நிர்வாகமும் வரவு செலவும் ஐந்தாவது குழுவுக்கும், சட்டம் ஆறாவது குழுவுக்கும் உரியவை. முழு அமர்வில் வரிவரியாக ஆராய நேரம் இல்லாததால், அந்த உழைப்பைக் குழு செய்து முடித்துப் பரிந்துரையாக அனுப்புகிறது. 1948-இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவு மூன்றாவது குழுவுக்கு வந்தபோது, லெபனானின் சார்லஸ் மாலிக் தலைமையில் அந்தக் குழு 81 கூட்டங்கள் நடத்தி, 168 திருத்த முன்மொழிவுகளை எடுத்துக்கொண்டது. அதன் பிறகே டிசம்பர் 10 அன்று முழு அமர்வு 48 ஆதரவு, எதிர்ப்பு எதுவுமில்லை, 8 நடுநிலை என்ற கணக்கில் பிரகடனத்தை ஏற்றது. ஒரே நாளில் முடிந்ததுபோல் தெரிகிற அந்த வாக்கெடுப்புக்குப் பின்னால் அத்தனை நாள் குழு உழைப்பு இருந்தது.

வருகையைப் பொறுத்தவரை 108-ஆம் விதி இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் இருந்தால் தலைவர் கூட்டத்தைத் தொடங்கி விவாதத்தை அனுமதிக்கலாம். இன்றைய கணக்கில் அது 49 நாடுகள். ஆனால் எந்த முடிவையும் எடுக்கப் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 97 நாடுகள், அவையில் இருந்தாக வேண்டும். பேசுவதற்குக் குறைந்த எண்ணிக்கை போதும், முடிவுக்கு அது போதாது என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப்படுகிறது.

கேள்வி: ஒழுங்குப் பிரச்சினையை எப்போது எழுப்பலாம்? தலைவரின் தீர்ப்பே தவறாக இருந்தால் என்ன செய்வது?

பதில்: விதி மீறப்படுகிறது என்று தலைவரிடம் சுட்டிக்காட்டுவதே ஒழுங்குப் பிரச்சினை. அதை விவாதத்தின் எந்தக் கட்டத்திலும், வேறொருவர் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட எழுப்பலாம், தலைவர் உடனே அதற்குத் தீர்ப்பளிக்க வேண்டும். 113-ஆம் விதி இந்த உரிமையைத் தருவதோடு ஒரு கட்டுப்பாட்டையும் விதிக்கிறது: ஒழுங்குப் பிரச்சினையை எழுப்புபவர் விவாதப் பொருளின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது. முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கை அவையில் இல்லை, பேசுபவர் பொருளை விட்டு விலகிவிட்டார், இப்போது கொண்டுவரப்பட்ட முன்மொழிவுக்கு விதியில் இடமில்லை என்பன போன்றவையே உண்மையான ஒழுங்குப் பிரச்சினைகள். எதிர்த்தரப்பு சொன்ன செய்தி பொய் என்று சொல்ல விரும்புபவர் கேட்க வேண்டியது மறுமொழி உரிமையை. அதற்குத் தனி வழக்கம் இருக்கிறது: ஒரு பொருளின் மீது ஒரு கூட்டத்தில் ஒரு நாட்டுக்கு இரண்டு முறை மட்டும், முதல் முறை பத்து நிமிடம், இரண்டாம் முறை ஐந்து நிமிடம். இந்த வேறுபாடு தெரியாமல் ஒழுங்குப் பிரச்சினை என்ற பெயரில் எதிர்வாதம் தொடங்குகிற பேராளரைத் தலைவர் நிறுத்தத்தான் செய்வார்; அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தலைவரின் தீர்ப்பை ஏற்காத எந்தப் பேராளரும் மேல்முறையீடு செய்யலாம். அது விவாதமின்றி உடனே வாக்குக்கு விடப்படும். வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் தள்ளினாலொழியத் தீர்ப்பு நிலைக்கும். சமமாகப் பிரிந்தால் தலைவர் சொன்னதே நிற்கும் என்பது இதன் பொருள். பேராளர்கள் இந்த உரிமையை எளிதில் பயன்படுத்துவதில்லை. ஒருமுறை அவையால் மறுக்கப்பட்ட தலைவருக்கு அடுத்த நாள் அதே அவையை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். ஆனாலும் அந்த உரிமை விதிப்புத்தகத்தில் இருப்பதனால்தான் மிகச் சிறிய நாட்டின் பேராளரும் தலைவரின் கண்ணைப் பார்த்து, உங்கள் தீர்ப்பை நான் ஏற்கவில்லை என்று சொல்ல முடிகிறது.

கேள்வி: எந்த வரைவை முதலில் வாக்குக்கு விடுவது, எதை அடுத்து விடுவது என்பதற்காகவே பேராளர்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். எந்த வரிசையில் எண்ணினாலும் வாக்கு வாக்குதானே?

பதில்: இல்லை. இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். எதை முதலில் முடிவு செய்வது என்பது பல நேரங்களில் முடிவையே தீர்மானித்துவிடுகிறது.

முதலில் திருத்தங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு வரைவு, ஐந்தாண்டுக்குள் எல்லா நாடுகளும் அறிக்கை தர வேண்டும் என்கிறது. ஒருவர் அதை ஏழாண்டு என்றும், இன்னொருவர் பத்தாண்டு என்றும் திருத்தக் கோருகிறார்கள். 130-ஆம் விதிப்படி, மூல வரைவிலிருந்து உள்ளடக்கத்தில் மிகவும் விலகி நிற்கும் திருத்தமே முதலில் வாக்குக்கு வரும். எனவே பத்தாண்டு முதலில். அது வென்றால் ஏழாண்டுக்கு வாக்கெடுப்பே தேவையில்லை. தோற்றால் பத்தாண்டை விரும்பியவர்கள் மன நிறைவோடு ஏழாண்டை ஆதரிக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: பத்தாண்டு வேண்டுமென்பவர் அடுத்து வரப்போகும் வாக்கெடுப்பை நம்பி ஏழாண்டை எதிர்த்து வாக்களிப்பார், பிறகு பத்தாண்டும் தோற்று, இரண்டையும் இழந்து நிற்பார். பேராளர் தன் உண்மையான விருப்பத்தை மறைக்காமல் வாக்களிக்க வழி செய்வதே இந்த விதியின் நோக்கம்.

வரிசை ஒரு வரலாற்றையே மாற்றக்கூடும் என்பதற்குச் சீனாவின் பிரதிநிதித்துவம் பற்றிய வாக்கெடுப்புகள் சான்று. சீனா என்ற இடத்தில் அமர வேண்டியது பெய்ஜிங் அரசா, தைவானில் இருந்த தைபே அரசா என்பது பொதுச் சபையை இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்த கேள்வி. ஐ.நா. சாசனத்தின் 18-ஆம் பிரிவு, முக்கியமான விவகாரங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும் என்கிறது. சில விவகாரங்களை அதுவே பட்டியலிடுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்றையும் முக்கியமானதாகச் சபை அறிவிக்கலாம். அந்த அறிவிப்புக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். 1961-இல் சபை, சீனப் பிரதிநிதித்துவத்தை மாற்றும் எந்த முன்மொழிவும் முக்கியமான விவகாரமே என்று தீர்மானித்தது. அதன் விளைவு 1970-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. பெய்ஜிங்கை அமர்த்தக் கோரிய அல்பேனிய வரைவுக்கு அந்த ஆண்டு 51 ஆதரவும் 49 எதிர்ப்பும் கிடைத்தன. 25 நாடுகள் நடுநிலை வகித்தன. பெரும்பான்மை பெற்றும் வரைவு தோற்றது, ஏனென்றால் 100 வாக்குகளில் 67 தேவைப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1971 அக்டோபர் 25 அன்று, இரண்டு வரைவுகள் சபையின் முன் இருந்தன. ஒன்று அல்பேனியாவும் அதன் கூட்டாளிகளும் கொண்டுவந்தது. மற்றொன்று, தைபே அரசின் பிரதிநிதித்துவத்தைப் பறிக்கும் எந்த முன்மொழிவும் முக்கியமான விவகாரமாகும் என்று அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் கொண்டுவந்தது. வேறுவிதமாகச் சபை முடிவு செய்தாலொழிய, வரைவுகள் வந்த வரிசையிலேயே வாக்குக்கு விடப்பட வேண்டும் என்பது விதி. அல்பேனிய வரைவு முந்தியது என்பதால், தன் வரைவுக்கு முன்னுரிமை வேண்டுமென்று அமெரிக்கத் தரப்பு முதலில் ஒரு வாக்கெடுப்பைக் கோரி அதில் வென்றது. ஆனால் முன்னுரிமை பெற்ற வரைவே அடுத்த வாக்கெடுப்பில் 55 ஆதரவு, 59 எதிர்ப்பு, 15 நடுநிலை என்று தோற்றது. பிறகு, அல்பேனிய வரைவில் தைபே அரசின் பேராளர்களை வெளியேற்றுவது பற்றிய சொற்களை மட்டும் பிரித்துத் தனி வாக்குக்கு விடக் கோரிய முயற்சியும் தோற்றது. கடைசியில் அல்பேனிய வரைவு 76 ஆதரவு, 35 எதிர்ப்பு, 17 நடுநிலை என்ற கணக்கில் நிறைவேறி, 2758-ஆம் தீர்மானமாயிற்று.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 76-உம் 35-உம் சேர்ந்தால் 111. அதில் மூன்றில் இரண்டு பங்கு 74. ஆகவே உயர்ந்த வரம்பு நீடித்திருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்குமே என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். வரம்பு பற்றிய வாக்கெடுப்பு முடிந்த கணத்திலேயே இறுதி முடிவு என்னவாகும் என்பது அவைக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புரிதலோடு அளிக்கப்பட்ட வாக்குகளைக் கொண்டு, அது இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்கிட முடியாது. வரிசையின் வலிமை அதுதான்.

கேள்வி: நடுநிலை வகிப்பது எதிர்ப்பதற்குச் சமமா?

பதில்: அவையைப் பொறுத்தது. பொதுச் சபையிலும் அதன் குழுக்களிலும், ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களித்தவர்கள் மட்டுமே வாக்களித்தவர்கள். நடுநிலை வகிப்பவர் கணக்கிலேயே வர மாட்டார். அதனால் 193 நாடுகளில் 10 ஆதரித்து, 9 எதிர்த்து, மற்றவை நடுநிலை வகித்தாலும் ஒரு குழுவில் வரைவு நிறைவேறிவிடும். பாதுகாப்பு அவையில் நிலைமை வேறு. அங்கே 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவு வாக்கு கட்டாயம் தேவை. 8 ஆதரவு, 7 நடுநிலை என்றால் ஒருவர்கூட எதிர்க்காவிட்டாலும் தோல்விதான். நிரந்தர உறுப்பினரின் நடுநிலை மட்டும் வீட்டோவாகக் கொள்ளப்படுவதில்லை. சாசனத்தின் சொற்கள் வேறு பொருளுக்கும் இடம் தருவதால் இது நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது. நமீபியா பற்றிய 1971-ஆம் ஆண்டின் ஆலோசனைக் கருத்தில் பன்னாட்டு நீதிமன்றம் இந்த நீண்ட வழக்கத்தை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவர் தன் வாக்கைப் போட்டு முடிவு செய்வாரா?

பதில்: மாட்டார். முதன்மைக் குழுவின் தலைவருக்கு வாக்கே இல்லை. அவருடைய நாட்டின் சார்பில் வேறொருவர் வாக்களிப்பார். தேர்தல் அல்லாத பொருளில் குழுவின் வாக்குகள் சமமானால் முன்மொழிவு தோற்றதாகவே கொள்ளப்படும்.

கேள்வி: கருத்தொற்றுமை என்றால் எல்லோரும் சம்மதித்தார்கள் என்றுதானே பொருள்? பிறகு ஏன் அதைப் பற்றி இவ்வளவு சச்சரவு?

பதில்: எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. ஐ.நா.வுக்கு முன் இருந்த நாடுகளின் சங்கம் தன் உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவில், நடைமுறைப் பொருள்கள் முதலிய சில விலக்குகள் தவிர, கூட்டத்தில் இருக்கும் எல்லா உறுப்பினர்களின் இசைவையும் கேட்டது. இன்று கருத்தொற்றுமை என்பது அதைவிட இலகுவானது: யாரும் முறைப்படி ஆட்சேபிக்கவில்லை என்பதே போதும். உலக வர்த்தக அமைப்பை நிறுவிய மராகேஷ் ஒப்பந்தமும், முடிவெடுக்கும் கூட்டத்தில் இருக்கும் உறுப்பினர் எவரும் முறைப்படி ஆட்சேபிக்காவிட்டால் கருத்தொற்றுமை ஏற்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது. மனத்துக்குள் பிடிக்காத ஒரு நாடு வாய் மூடி இருந்துவிட்டு, முடிவுக்குப் பின் தன் நிலையை விளக்கி ஓர் அறிக்கை வாசிக்கலாம். பொதுச் சபையில் பெருந்தொகையான தீர்மானங்கள் வாக்கெடுப்பின்றியே நிறைவேறுகின்றன. வரவு செலவைக் கவனிக்கும் ஐந்தாவது குழுவும் இந்த வழியில்தான் முடிவெடுக்க முயல்கிறது. கூட்டமே கூட முடியாத கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், வரைவைச் சுற்றுக்கு விட்டுக் குறைந்தது 72 மணி நேரம் காத்திருந்து, அதற்குள் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளும் முறையைப் பொதுச் சபை கையாண்டது.

நான் கண்டவரை இந்த முறை நன்றாக வேலை செய்வது, பின்னணியில் வாக்கெடுப்பு என்ற கதவு திறந்திருக்கும்போதுதான். 1973 முதல் 1982 வரை நடந்த மூன்றாவது கடல் சட்ட மாநாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொது உடன்பாட்டுக்கான எல்லா முயற்சிகளும் தீர்ந்துவிட்டன என்று மாநாடே முடிவு செய்யும்வரை உள்ளடக்கத்தின் மீது வாக்கெடுப்பு கூடாது என்று அங்கே விதி செய்துகொண்டார்கள். பெரும்பான்மையாக இருந்த வளரும் நாடுகள் எண்ணிக்கையைக் கொண்டு எதையும் திணிக்க முடியாது. கப்பல் வலிமையுள்ள நாடுகள் காலவரையின்றி முட்டுக்கட்டை போடவும் முடியாது. இருதரப்பும் ஒன்பது ஆண்டுகள் பேசின. கடைசியில் ஆழ்கடல் கனிமங்கள் பற்றிய பகுதியை ஏற்காத அமெரிக்கா வாக்கெடுப்பு கோரியது. 1982 ஏப்ரல் 30 அன்று உடன்படிக்கை 130 ஆதரவு, 4 எதிர்ப்பு, 17 நடுநிலை என்ற கணக்கில் ஏற்கப்பட்டது.

பருவநிலை மாநாடுகளுக்கு அந்தக் கதவு இல்லை. 1995-இல் பெர்லினில் கூடிய முதல் மாநாட்டிலிருந்தே, வாக்கெடுப்பு பற்றிய 42-ஆம் விதியில் உடன்பாடு ஏற்படாமல், அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற வரைவு விதிகளைக் கொண்டு நடத்துகிறார்கள். இதனால் கருத்தொற்றுமையைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கும் எழுதப்பட்ட வரையறை இல்லை. 2010-இல் கான்குனில் பொலிவியா வெளிப்படையாக ஆட்சேபித்தபோது, தலைமை வகித்த மெக்சிகோவின் பத்ரீசியா எஸ்பினோசா, கருத்தொற்றுமை என்பது ஒரு நாட்டுக்கு வீட்டோ தருவதாகாது என்ற நிலையை எடுத்து, முடிவு ஏற்கப்பட்டதாக அறிவித்தார். முந்தைய ஆண்டு கோபன்ஹேகனில் நேர்ந்த முறிவுக்குப் பிறகு அந்த அவை ஒரு முடிவுக்காக ஏங்கியிருந்தது; அவருடைய துணிவைப் பலர் எழுந்து நின்று வரவேற்றார்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. என்றாலும் ஓர் ஆட்சேபம் போதாதென்றால் எத்தனை ஆட்சேபங்கள் போதும் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் எல்லாம் தலைவரின் துணிவைப் பொறுத்ததாகிவிடுகிறது. அடுத்த தலைவரின் சுத்தியல் எந்த நாட்டின் ஆட்சேபத்தை மீறி இறங்கும் என்று சிறிய நாடுகள் அஞ்சுவதில் தவறில்லை. வாக்கெடுப்பு விதியைக் கடினமான வரம்போடாவது ஏற்றுக்கொள்வதே இதற்குத் தீர்வு என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: விவாதத்தை நிறுத்தக் கோரும் முன்மொழிவுகள் பல வகை என்கிறார்கள். ஒரே நேரத்தில் எல்லாம் வந்தால் எது முதலில்?

பதில்: கூட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பது, கூட்டத்தையே ஒத்திவைப்பது, அந்தப் பொருளின் மீதான விவாதத்தை ஒத்திவைப்பது, விவாதத்தை முடிப்பது என்ற வரிசையில் 119-ஆம் விதி முன்னுரிமை தருகிறது. பேசிப் பார்க்க இடைவேளை கேட்பவருக்கு முதலிடமும், பேச்சை முடித்துவிடச் சொல்பவருக்குக் கடைசி இடமும் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டுக்கும் விவாதம் கிடையாது. விவாதத்தை முடிக்கும் கோரிக்கையை எதிர்த்து இருவர் மட்டும் பேசலாம். விவாதத்தை ஒத்திவைக்கும் கோரிக்கையின் மீது ஆதரித்து இருவரும் எதிர்த்து இருவரும் பேசலாம்.

இந்த மூன்றாவது வகை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்றாவது குழுவில் ஒரு நாட்டின் மனித உரிமை நிலையைக் கண்டிக்கும் வரைவு வரும்போது, அந்த நாடோ அதன் நண்பர்களோ விவாதத்தை ஒத்திவைக்கக் கோருவதுண்டு. அது வென்றால் வரைவின் மீது வாக்கெடுப்பே நடக்காது; எந்த நாடும் தன் நிலையைப் பதிவு செய்ய வேண்டியிருக்காது. ஒரு தனி நாட்டைக் குறிவைப்பது அநீதி என்று அவர்கள் சொல்லும் வாதத்தில் சில நேரம் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த நியாயத்தை வரைவை எதிர்த்து வாக்களித்தே காட்ட முடியும். கேள்வியையே அவையின் முன் வராமல் தடுக்க இந்த விதியைப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: எல்லா அமைப்புகளிலும் அரசுகளுக்கு மட்டும்தான் வாக்கு உண்டா?

பதில்: 1919-இல் நிறுவப்பட்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் அப்படி இல்லை. அதன் மாநாட்டுக்கு ஒவ்வொரு நாடும் அரசின் சார்பில் இருவரையும், வேலை அளிப்போர் சார்பில் ஒருவரையும், தொழிலாளர் சார்பில் ஒருவரையும் அனுப்புகிறது. நால்வருக்கும் தனித்தனி வாக்கு. ஒரே நாட்டின் தொழிலாளர் பேராளர் தன் அரசை எதிர்த்து வாக்களிப்பது அங்கே இயல்பு. ஓர் உடன்படிக்கையை ஏற்க, அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

கேள்வி: கல்லூரியில் மாதிரி ஐ.நா. கூட்டத்துக்குத் தயாராகிறேன். அங்கே கற்பது உண்மையான குழுக்களில் உதவுமா?

பதில்: பேச்சுத் துணிவும் வரைவெழுதும் பழக்கமும் நிச்சயம் உதவும். விதிகளில் மட்டும் கவனமாக இருங்கள். மாதிரிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் நெறிப்படுத்தப்பட்ட கலந்துரையாடல், நெறிப்படுத்தப்படாத கலந்துரையாடல் என்ற கோரிக்கைகளைப் பொதுச் சபையின் விதிப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. உண்மையான குழுவில் உடன்பாடு உருவாவது பெரும்பாலும் முறைசாரா ஆலோசனைகளில்தான்: ஒருவர் பேச்சுவார்த்தையை ஒருங்கிணைக்க, வரைவைத் திரையில் வைத்துப் பத்தி பத்தியாகப் படித்து, உடன்பாடு ஏற்படாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறார்கள். பேச்சாளர் பட்டியலில் முதலிடம் பிடிப்பதைவிட, அந்த அறையில் எல்லாத் தரப்பும் ஏற்கும் ஒரு வாக்கியத்தை எழுதித் தருபவரே அதிகம் சாதிக்கிறார். அதைப் பயிற்சி செய்யுங்கள்.

கேள்வி: எடுத்த முடிவைக் குழு மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும், ஆனால் எளிதல்ல. ஏற்கப்பட்ட அல்லது தள்ளப்பட்ட ஒரு முன்மொழிவை அதே கூட்டத்தொடரில் மறுபடி எடுக்க, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்கிறது 123-ஆம் விதி. அந்தக் கோரிக்கையை எதிர்த்து இருவர் மட்டும் பேசலாம். அடுத்த ஆண்டின் கூட்டத்தொடரில் அதே பொருளைப் புதிய வரைவாகக் கொண்டுவர இந்த வரம்பு இல்லை. 1970-இல் தோற்ற அல்பேனிய வரைவின் ஆதரவாளர்கள் 1971-இல் செய்ததும் அதுவே.